பனையேறியின் பெட்டியும் பனிமலைக் கொக்கியும்

பங்குனி, சித்திரை மாதங்களில் குற்றாலத்திலிருந்து தென்காசி வழியாகக் கிழக்கே பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கம் போயிருக்கிறீர்களா? சாலையோரத்தில் பதநீரும் நுங்கும் விற்பார்கள். பட்டையில் ஊற்றிய பதநீரைக் குடித்து முடித்ததும் சற்றுத் தலையை நிமிர்த்திப் பாருங்கள். அந்தப் பதநீர் இறங்கிய மரம் ஆறு, ஏழு மாடி உயரம் இருக்கும். காலில் தளைநார் மாட்டிக்கொண்டு, ஒரு தொழிலாளி அதில் நாள்தோறும் இருமுறையாவது ஏறி இறங்குகிறார்.

அவருடைய இடுப்பைக் கவனித்தீர்களானால் ஒரு பெட்டி தொங்குவது தெரியும். அதுதான் அரிவாள் பெட்டி. பாளையை மெல்லிய சீவலாகச் சீவும் அரிவாள் அதற்குள் இருக்கிறது. சவரக்கத்திபோல் கூர்மையான அந்த அரிவாளை அவர் ஏன் வெறுமனே இடுப்பில் செருகிக்கொள்ளவில்லை? இக்கேள்விக்கு விடை தேடினால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இமயத்தில் உறைபனிச் சுவரில் ஏறுபவர் தம் இடுப்பில் மாட்டியிருக்கும் ஒரு சிறு கொக்கியின் இரகசியமும் விளங்கிவிடும்.

பனித்திருகாணி என்பது என்ன?

உறைந்த அருவியிலோ பனிக்கட்டிச் சரிவிலோ ஏறுபவர் சிறிது உயரத்துக்கு ஒருமுறை பனிக்கட்டிக்குள் ஓர் ஆணியைத் திருகிச் செலுத்துகிறார். அதில் கயிற்றை இணைத்துக்கொள்கிறார். கால் தவறினால் அந்த ஆணியும் கயிறும்தாம் அவரைத் தாங்கும். இதுவே பனித்திருகாணி. உள்ளே துளையுள்ள உலோகக் குழாய் இது. நீளம் சுமார் 10 முதல் 22 சென்டிமீட்டர். வெளிப்புறம் திருகு மரை. நுனியில் கூரிய பற்கள். பற்கள் பனிக்கட்டியை அரிந்துகொண்டு போக, அரிந்த துகள் துளை வழியே வெளியேறிவிடும். ஆகவே பனிக்கட்டி எளிதில் பிளப்பதில்லை.

ஓர் ஏற்றத்துக்கு இத்தகைய திருகாணிகள் எட்டுப் பத்து வேண்டியிருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிராம் என்று கொண்டால், எட்டுத் திருகாணிகள் 1,200 கிராம். இவற்றைச் சுமக்க இடைவாரில் மாட்டும் பிளாஸ்டிக் கொக்கிதான் திருகாணித் தாங்கி.

மூன்று ஆபத்துகள்

முதலாவது, வெட்டு. ஒரு கிலோ எடையின் விசை ஒரு சதுர மில்லிமீட்டர் முனையில் மட்டும் அழுந்துவதாக எண்ணிப் பாருங்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ என்ற கணக்காகிறது. வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு! அரிவாளின் விளிம்பு இதைவிடவும் மெல்லியது. பனையேறிக்குப் பெட்டி அவசியமாவது இதனால்தான்.

இரண்டாவது, வீழ்ச்சி. 20 மீட்டர் உயரத்திலிருந்து கைதவறும் கருவி இரண்டே விநாடிகளில் தரையை அடையும். அப்போது அதன் வேகம் என்ன? ஈர்ப்பு முடுக்கம் 9.8 என்று வைத்துக் கணக்கிட்டால் விநாடிக்கு 19.8 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 70 கிலோமீட்டர். கீழே நிற்பவருக்கு விலகவும் நேரமிராது.

மூன்றாவது, ஒற்றைக்கை வேலை. பனையேறி ஒரு கையால் மரத்தையோ மட்டையையோ பற்றியிருப்பார். பனி ஏறுபவரின் ஒரு கை பனிக்கோடரியில் இருக்கும். எஞ்சிய ஒரு கையால், கண்ணால் பாராமலே, கருவியை எடுக்கவும் வைக்கவும் வேண்டும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

தாங்கியின் வாய் தடித்த கையுறை அணிந்த கைக்கும் எளிதில் திறக்க வேண்டும். தானே திறந்துகொள்ளவும் கூடாது. ஆகவே கடையில் வெறுங்கையால் சோதிப்பது போதாது, கையுறையோடு சோதிக்க வேண்டும். திருகாணியின் தலைத்துளை நெருக்கமின்றி நுழைந்து வழுக்கிச் செல்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பலர் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என மாட்டுகிறார்கள். பாரம் இருபுறமும் சமமாகிறது. எந்தக் கை ஓய்வாக இருக்கிறதோ அந்தக் கைக்குத் திருகாணி கிடைக்கிறது.

எங்கே, எப்படி மாட்டுவது?

இடுப்பின் முன்புறம் மாட்டினால், காலைத் தூக்கும்போதெல்லாம் பற்கள் தொடையில் இடிக்கும். மிகப் பின்னே மாட்டினால் கை எட்டாது. இடுப்பெலும்புக்கு நேராக, சற்றே பின்தள்ளிய பக்கவாட்டு இடமே ஏற்றது. பற்கள் கீழ்நோக்கித் தொங்க வேண்டும். குளிருடையின்மேல் வாரை அணிந்த பிறகே இடத்தை முடிவு செய்ய வேண்டும். உடை தடித்தால் வாரின் இடமும் மாறுமல்லவா?

இடைவார்கள் பலவற்றில் இதற்கென்றே தைத்த சிறு பிளவுகள் உண்டு. தாங்கியின் அடிப்பகுதியை அதில் நுழைத்தால் அது சுழலாமல் நிற்கும். பிளவு இல்லாவிட்டால், வாரைச் சுற்றிப் பட்டையால் இறுக்கும் வகைத் தாங்கியை வாங்கலாம். வாரில் தாமாகத் துளையிடுவது கூடவே கூடாது. துளையிட்ட இடத்தில் இழைகள் அறும். உயிரைத் தாங்க வேண்டிய வார் வலுவிழக்கும்.

உயிர்காக்கும் ஒரு வேறுபாடு

இனி, மிக முக்கியமான செய்தி. திருகாணித் தாங்கி பார்ப்பதற்கு, ஏறுபவர் தம்மைக் கயிற்றோடு இணைத்துக்கொள்ளும் உலோக வளையத்தைப்போலவே இருக்கும். ஆனால் அது சில கிலோ எடையுள்ள கருவிகளைத் தாங்கவே செய்யப்பட்டது. மனித உடலை அன்று. களைப்பில், இருட்டில், அவசரத்தில் ஒருவர் கயிற்றை அதில் மாட்டிவிட்டால், முதல் வீழ்ச்சியிலேயே அது முறிந்துவிடும். கருவியைத் தாங்குவது வேறு, ஆளைத் தாங்குவது வேறு. இரண்டும் ஒன்றையொன்று தொடாத தனித்தனி ஏற்பாடுகள்.

நம் பனையேறியும் அப்படித்தான். அவரைத் தாங்குவது தளைநாரும், பாதத்துக்கும் மரத்துக்கும் இடையிலான உராய்வும். அரிவாள் பெட்டியின் கயிற்றை நம்பி அவர் ஒருபோதும் தொங்குவதில்லை. ஆனால் இமயத்தில் ஏறுபவருக்கு உள்ள பாதுகாப்புக் கயிறு, பழைய முறையில் ஏறும் பனையேறிக்கு இல்லை. கால் வழுக்கினால் தடுத்து நிறுத்த எதுவுமில்லை. பனையேறும் கருவிகளோடு இடைவாரும் பாதுகாப்புக் கயிறும் சேர்ந்து பரவினால்தான் அந்தக் குறை தீரும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு சாவிக்கொத்தை இடுப்பின் முன்புறம் கட்டிக்கொண்டு இருபது படிகள் ஏறுங்கள். பிறகு அதைப் பக்கவாட்டில் சற்றுப் பின்னே தள்ளிக் கட்டி ஏறுங்கள். எது தொடையில் இடிக்கிறது, எது கைக்கு எட்டுகிறது என்பது தெரிந்துவிடும். அடுத்த முறை பதநீர் குடிக்கும்போது, மேலே இருப்பவரின் இடுப்பைப் பார்க்க மறவாதீர்கள். ஆனால் மரத்தடியில் நின்று பார்க்காதீர்கள். சற்று எட்டவே நில்லுங்கள்!