பெயர் எழுதாத ஏடு

பியானோ கற்கத் தொடங்கும் மாணவர்கள் உலகெங்கும் வாசித்துப் பழகும் சிறிய இசைத்துண்டு ஒன்று உண்டு. ‘ஜி மேஜர் மினுவெட்’ என்பது அதன் பெயர். மினுவெட் என்பது மும்மூன்று தட்டுகளாக நடைபோடும் பிரெஞ்சு நடன இசையாகும். இத்துண்டில் இருப்பவை 32 தாள வட்டங்கள். அதாவது 96 தட்டுகளே. இதை இயற்றியவர் ஜெர்மானிய இசைமேதை பாஹ் என்றே நூல்கள் நெடுங்காலம் அச்சிட்டு வந்தன. அது சரிதானா?

இந்த நம்பிக்கை எப்படிப் பிறந்தது என்று முதலில் பார்ப்போம். யொஹான் செபாஸ்டியன் பாஹின் மனைவி அன்னா மக்தலேனாவிடம் 1725ஆம் ஆண்டு தேதியிட்ட இசைக் குறிப்பேடு ஒன்று இருந்தது. குடும்பத்தார் தமக்குப் பிடித்த இசைத்துண்டுகளை அதில் எழுதி வைத்தனர். பலவற்றுக்கு இயற்றியவர் பெயரை எழுதவில்லை. நம் மினுவெட்டும் அவற்றுள் ஒன்று. பாஹின் வீட்டு ஏடு, ஆகவே பாஹின் இசை என்று பிற்காலத்தவர் முடிவு கட்டினர்.

இம்முடிவில் உள்ள ஓட்டை உங்களுக்கே புலப்படும். கையெழுத்து, படியெடுத்தவர் யார் என்பதைத்தான் சொல்லும். படைத்தவர் யார் என்பதைச் சொல்லாது. மேலும், அதே ஏட்டில் உள்ள வேறொரு மினுவெட்டில் போம் என்ற பிற இசைஞரின் பெயர் குறிக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் அது பிறர் இசையையும் ஏற்ற ஏடு அல்லவா?

நடையை வைத்து முடிவு செய்யலாமே என்பீர்கள். ஆனால் மினுவெட்டுகள் ஏறத்தாழ ஒரே வார்ப்பில் அமைந்தவை. சிறு துண்டில் தனி முத்திரையைக் காண்பது அரிது. 1950இல் பாஹின் படைப்புகளுக்குப் பட்டியல் வகுத்த ஷ்மீடர், இதைப் பிற்சேர்க்கையில் 114ஆம் எண்ணில்தான் வைத்தார்.

1970களில் விடை கிடைத்தது. கிறிஸ்டியன் பெட்ஸோல்டு என்பவர் இயற்றிய இசைத்தொகுப்பு ஒன்றில் இதே மினுவெட் இடம்பெற்றிருப்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். குறிப்பேட்டில் இதையடுத்து வரும் ஜி மைனர் மினுவெட்டும் அத்தொகுப்பிலேயே இருந்தது. பெட்ஸோல்டு (1677-1733) டிரெஸ்டன் நகரின் சோபியா தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். 1725 செப்டம்பரில் பாஹ் அதே தேவாலயத்தில் ஆர்கன் வாசித்திருக்கிறார். பெட்ஸோல்டு மறைந்தபின் அப்பதவிக்கு வந்தவர் பாஹின் மூத்த மகனே.

பெயர் மாறியதால் இசையின் இனிமை குறைந்துவிடவில்லை. ஆனால் அவருக்குரிய புகழ் தலைமுறை தலைமுறையாக வேறொருவருக்குச் சென்றது. புகழ்பெற்ற பெயரோடு ஒரு செய்தி வரும்போது, ‘இதற்குச் சான்று என்ன?’ என்று கேட்டுப் பழகுங்கள். அறிவியலுக்கும் அதுவே முதற்படி.