திருந்துவானா திருமகன்?

காதல் கதையைப் பற்றியா இன்றைய கட்டுரை என்று புருவம் நெரிக்கும் தோழர்களே, சற்றுப் பொறுங்கள்! ஆலைச் சங்கு ஓய்ந்து, தறிக்கூடம் பூட்டிக் கிடக்கும் புதுவையிலே, கூலியைப் பற்றிப் பேச வேண்டிய இடத்திலே, குமரியின் கண்ணீரைப் பற்றிப் பேசுவதா என்று கேட்பீர்கள். நாமும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தோம், சென்ற மாதம் வரையில்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தை கூடும் காந்தி வீதி நீங்கள் அறியாததல்ல. சட்டைத் துணிக்கும் பிளாஸ்டிக் வாளிக்கும் நடுவே, பழைய புத்தகக்காரர் விரித்த சாக்கின்மேல் கிடந்தது லட்சுமியின் ‘பெண்மனம்’. அட்டை போய், காலிகோ ஒட்டிய வாடகை நூலகப் பிரதி. விலை முப்பது ரூபாய். வாங்கிப் பிரித்தால், பக்கத்துக்குப் பக்கம் ஓரத்திலே பென்சில், நீல மை, சிவப்பு மை! படித்தவர்கள் படித்துவிட்டுச் சும்மா போகவில்லை. சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்!

கதை தெரியாதவர்களுக்காக நாலு வரி. செல்வச் செருக்கிலே பெண்களை விளையாட்டுப் பொருளாக எண்ணித் திரிகிறான் ஒருவன். ஏழைக் குடும்பத்துப் பெண் ஒருத்தியின்மீது கண் வைக்கிறான். அவளோ அவனை அருவருக்கிறாள். ஆனால் குடும்பத்தின் நெருக்கடி கழுத்தைப் பிடிக்கிறது. அவள் கழுத்தை நீட்டுகிறாள். பிறகு? அவன் திருந்துகிறான், அவள் மனமும் மாறுகிறது. அவ்வளவுதான். இதற்கா இத்தனை மை?

“இவனைச் செருப்பால் அடிக்க வேண்டும்” என்கிறது பென்சில். அதன்கீழே நீல மை: “பாவம், உண்மையான அன்பு அவனுடையது.” அதற்கும் கீழே, கொஞ்சம் நடுங்கும் கையெழுத்திலே: “அன்பாம் அன்பு! வாழ்ந்து பார்த்தவளுக்குத் தெரியும்.” இந்த மூன்றாவது வரியை எழுதிய அம்மையார் யாரோ, எந்தத் தெருவோ! நாம் அன்றிரவு தூங்க வெகு நேரம் ஆயிற்று.

எழுதியவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். லட்சுமி என்பது புனைபெயர். இயற்பெயர் திரிபுரசுந்தரி. 1921-இல் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலே படிக்கும்போது, படிப்புச் செலவுக்குப் பணம் வேண்டும் என்பதற்காகவே பேனாவை எடுத்தவர். கதை எழுதிச் சம்பாதித்து டாக்டரான பெண்! மெத்தப் படித்த விமர்சகர்கள் “பெண்கள் பொழுதுபோக்கு” என்று ஒதுக்கிய எழுத்துதான் அவருக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டியது. பின்னாளிலே, 1984-இல், ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்குச் சாகித்திய அகாதமியே பரிசு கொடுத்தது.

‘பெண்மன’த்தைத் திரைக்குக் கொண்டுவந்தபோது வசனம் யாருடையது தெரியுமா? கலைஞருடையது! 1963-இல் வந்த ‘இருவர் உள்ளம்’. எல்.வி.பிரசாத் இயக்கம், சிவாஜியும் சரோஜாதேவியும் நடிப்பு. இதைச் சொன்னதும் நம் தோழர் ஒருவர், “அப்படியானால் அந்தக் கதையைக் குறை சொல்லலாமா?” என்று கவலைப்பட்டார். தாராளமாகச் சொல்லலாம் ஐயா! எதையும் ஏன், எப்படி என்று கேட்கச் சொல்லிக் கொடுத்த பாசறையல்லவா இது!

புத்தகத்தை முதலியார்பேட்டைத் தேநீர்க் கடைக்கு எடுத்துப் போனோம். ரோடியர் மில் என்று நம்மவர் இன்றைக்கும் சொல்லும் ஏ.எஃப்.டி. ஆலை 2020-இல் அடியோடு மூடப்பட்டது. அதிலே வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “தம்பி, பணக்காரன் மனசு மாறித்தான் நமக்கு எட்டு மணி நேர வேலை வந்ததா? 1936 ஜூலை 30-ஆம் தேதி 12 பேர் குண்டடிபட்டுச் செத்தானே, அப்புறம்தானே வந்தது? திருந்துவான் திருந்துவான்னு உட்கார்ந்திருந்தா நாம் இன்னும் விளக்கு வைத்துத்தான் வீடு திரும்பியிருப்போம்.”

சரியான அடி என்று நாம் துள்ளினோம். ஆனால் அதே பெரியவர் வீட்டிலே, அவர் துணைவியார் அந்தத் துள்ளலை அடக்கிவிட்டார். “ஆலையிலே உங்களுக்குச் சங்கம் இருந்தது. அடுப்படியிலே எங்களுக்கு எது இருந்தது? வாய்த்தவன் திருந்தினால்தான் விடிவு. அதனாலேதான் அந்தக் கதையைத் தேடித் தேடிப் படிச்சோம்.” பெரியவர் வாய் திறக்கவில்லை. நாமும்தான்.

இந்தச் சச்சரவு நம் ஊரோடு நிற்பதா? 1740-இல் இலண்டனிலே ரிச்சர்ட்சன் என்ற அச்சுக்கூடக்காரர் ‘பமேலா’ என்றொரு நாவல் எழுதினார். வேலைக்காரப் பெண், வலைவீசும் எசமானன், இறுதியில் அவன் திருந்தித் திருமணம்! இங்கிலாந்தே இரண்டு பட்டது. கற்புக்கரசி என்றது ஒரு கூட்டம், காரியக்காரி என்றது மறு கூட்டம். மறு ஆண்டே ஃபீல்டிங் ‘ஷமேலா’ என்று கேலி நூல் எழுதினார். வால்டேர்கூட விடவில்லை, அதைத் தழுவி 1749-இல் ‘நானின்’ என்று நாடகம் போட்டார். பிறப்பால் தாழ்வில்லை என்று காட்ட அவருக்கு அந்தக் கதை பயன்பட்டது. ஆக, ஒரே கதை. அவரவர் காயத்துக்கு அவரவர் மருந்து.

இன்றைக்கு ரமணிசந்திரனின் கதைகள் நூற்றுக்கும் மேல். செருக்குள்ள செல்வன், சினமுள்ள நங்கை, கடைசியில் சேர்க்கை. அவற்றை விரும்பிப் படிக்கும் தையற்கடைத் தங்கை ஒருத்தியிடம் ‘பெண்மன’த்தை நீட்டினோம். இரண்டு நாளில் முடித்துவிட்டாள். ஆனால் முகம் சரியில்லை.

“அண்ணே, இந்தக் கதை எனக்குப் பிடிக்கும். அதுதான் பயமா இருக்கு” என்றாள். வீட்டிலே மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். சொந்த வீடு, இரண்டு லாரி, கொஞ்சம் குடி. இவளுக்கு விருப்பமில்லை. தாய் சொல்கிறாளாம்: “நீ படிக்கிற கதையிலே எல்லாம் எப்படி இருந்தவன் எப்படி ஆகிறான்! கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகும்.” இவள் சொன்ன பதில்: “கதையிலே இருநூறு பக்கத்திலே திருந்திடுறான். அக்கா வீட்டுக்காரர் ஒன்பது வருஷமாத் திருந்தலையே, அண்ணே!”

கதையைக் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றுவதா? நாம் அப்படிச் செய்ய மாட்டோம். நாளெல்லாம் மிதிப்பொறியோடு மல்லுக்கட்டும் பெண், இரவிலே ஒரு மணி நேரம், தன்னை மதிக்கும் ஆண் ஒருவனைக் கற்பனையிலே காண்பதும் குற்றமா? கதையைக் கையிலே வைத்துக்கொண்டு பெண்ணின் தலையசைப்பைக் கறக்கிறார்களே, வழக்கு அவர்கள் மீது!

சுயமரியாதைத் திருமணத்தைச் சென்னையிலே அண்ணாவின் அரசு 1967-இல் சட்டமாக்கியது. புதுவைக்கும் 1971-இலேயே அது வந்துவிட்டது. அந்தச் சட்டத்திலே ஐயர் வேண்டாம் என்பதை மட்டும் பார்க்கிறோம் நாம். உற்றார் முன்னிலையிலே, அவளுக்குப் புரியும் மொழியிலே, “இவரை என் கணவராக ஏற்கிறேன்” என்று அவளே சொல்லி மணமுடிக்கலாம் என்று இருக்கிறதே, அதை எத்தனை மேடையிலே அழுத்திச் சொல்லியிருக்கிறோம்? நம் தோழர்கள் வீட்டுத் திருமணத்திலேயே, மைக்கைப் பிடித்துத் தலைவர்கள் ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். மணப்பெண் அரை நிமிடம் முணுமுணுக்கிறாள். நாமும் அந்த மைக்கைப் பிடித்தவர்கள்தாம்.

புத்தகம் இன்னும் அந்தத் தங்கையிடம்தான் இருக்கிறது. திருமணப் பக்கத்தின் ஓரத்திலே, பழைய மூன்று கையெழுத்துக்கும் கீழே, பச்சை மையிலே தானும் ஒரு வரி எழுதியிருப்பதாகச் சொன்னாள். என்ன வரி என்று கேட்டோம். “அப்பாகிட்டே முதலில் சொல்லணும், அப்புறம் உங்களுக்குக் காட்டறேன்” என்றாள். அவள் அப்பா நம் வட்டத்துத் தோழர். பதினேழு ஆண்டாகக் கொடி பிடிப்பவர். வெள்ளிக்கிழமை மாலை வரச் சொல்லியிருக்கிறார்கள். போகிறோம்.