அணைக்குள் புதைந்த கம்பி என்ன சொல்லும்?

அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பர் 30-ல் நடைமுறைக்கு வந்தது. சட்டத்துக்கு உட்பட்ட ஒவ்வோர் அணையையும் சுதந்திரமான நிபுணர் குழுவைக் கொண்டு முழுமையாக ஆய்வு செய்ய உரிமையாளர்களுக்கு அது 5 ஆண்டு அவகாசம் தந்தது. அந்தக் கெடு 2026 டிசம்பர் இறுதியோடு முடிகிறது. நாட்டில் இத்தகைய அணைகள் 6,000-க்கும் மேல். வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது: “சென்சார் பொருத்தியாகிவிட்டது என்கிறார்களே, பிறகு ஆய்வு எதற்கு?”

‘நிகழ்நேரக் கண்காணிப்பு’ என்று அதிகாரிகள் சொல்லும்போது அணை முழுவதும் கண்ணுக்குள் இருப்பதாகத் தோன்றும். ஆனால் ஒரு சென்சாருக்குத் தெரிவது, அது புதைந்திருக்கும் இடத்தின் நிலை மட்டுமே.

அது வேலை செய்யும் விதம் என்ன?

பெரிய கான்கிரீட் அணைகளில் பரவலாகப் புதைக்கப்படுவது ‘அதிரும் கம்பி’ ஸ்ட்ரெயின் கேஜ், அதாவது உருமாற்ற அளவி. ஏறக்குறைய ஒரு சாண் நீளத்தில் உருக்குக் குழாய். இரு முனைகளிலும் வட்டத் தகடுகள். உள்ளே இழுத்துக் கட்டிய மெல்லிய உருக்குக் கம்பி. தகடுகளைக் கான்கிரீட் இறுகப் பற்றிக்கொள்ளும். கான்கிரீட் அமுங்கினால் தகடுகள் நெருங்கிக் கம்பி தளரும். நீண்டால் கம்பி விறைக்கும். நடுவிலுள்ள மின்காந்தச் சுருளுக்கு ஒரு துடிப்பு அனுப்பினால், அது கம்பியைச் சுண்டிவிடும். வீணைத் தந்தியைப் போலவே, விறைப்பு கூடினால் சுருதி ஏறும், தளர்ந்தால் இறங்கும். அந்த அதிர்வெண்ணைக் கேபிளின் மறுமுனையில் உள்ள கருவி எண்ணிச் சொல்கிறது. அதிர்வெண்ணைத்தான் அளக்கிறோம் என்பதால், நீளமான கேபிளின் மின்தடை கணக்கைக் கெடுப்பதில்லை. பழுதாகும் நுட்பமான பாகங்களும் உள்ளே குறைவு. நன்றாகப் புதைத்தால் பல பத்தாண்டுகள் உழைக்கும்.

ஆனால் கான்கிரீட் பாரத்தால் மட்டும் உருமாறுவதில்லை. வெப்பத்தில் விரியும், உலர்ந்தால் சுருங்கும். இதைப் பிரித்தறிய அருமையான ஒரு வழி உண்டு. இன்னொரு கேஜை, அதே கான்கிரீட் நிரப்பிய இரட்டைச் சுவர்ப் பெட்டிக்குள் வைத்துப் பக்கத்திலேயே புதைப்பார்கள். அணையின் பாரம் பெட்டிக்குள் போகாது. வெப்பமும் ஈரமும் போகும். முதல் கேஜின் அளவிலிருந்து பெட்டிக்குள் உள்ள கேஜின் அளவைக் கழித்தால் பாரத்தின் பங்கு மிஞ்சும்.

அப்படியானால் கவலை எங்கே?

இவ்வகைக் கேஜை அணைகளுக்குக் கொண்டுவந்த முன்னோடி, பிரெஞ்சுப் பொறியாளர் ஆந்த்ரே குவான். 1930-களிலேயே அதைப் பயன்படுத்தியவர். தென் பிரான்சின் மால்பாசே வளைவு அணையை வடிவமைத்தவரும் அவர்தான். 1959 டிசம்பர் 2 இரவு அந்த அணை உடைந்து 400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உடைவுக்குக் காரணம் கான்கிரீட்டின் பலவீனம் இல்லை. இடது கரையில் அணையைத் தாங்கிய பாறைதான் இடம்கொடுத்தது. கான்கிரீட்டுக்குள் எத்தனை கேஜ் புதைத்தாலும் பாறைக்குள் சேரும் நீரழுத்தத்தை அவை சொல்லா. அந்த அழுத்தத்தை அளக்கும் பீசோமீட்டர்களுக்கும் வடிகால் துளைகளுக்கும் உலகெங்கும் முக்கியத்துவம் கூடியது மால்பாசேவுக்குப் பிறகுதான்.

பழைய அணைகளில் கேஜைப் பொருத்த முடியுமா?
துளையிட்டுப் பொருத்தலாம், ஆனால் அதற்கு முன்பே ஏறிய பாரம் அதில் தெரியாது. 1895-ல் சுண்ணாம்பு-சுர்க்கிக் கலவையில் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணைக்கும் இதே வரம்பு உண்டு.

முதல் நாள் அளவு தொலைந்துவிட்டால்?
பின்னால் வரும் எண்களை ஒப்பிட அடிப்படை இருக்காது.

கருவிகள் கட்டாயமா?
ஆம், குறைந்தபட்சக் கருவிகள் ஒவ்வோர் அணையிலும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம்.

இச்சட்டத்தின்கீழ் வரும் உத்தரவை ஏற்க மறுத்தால்?
ஓராண்டு வரை சிறை. உயிரிழப்பு நேர்ந்தால் 2 ஆண்டு வரை.

ஆகவே, ஆய்வுக்குச் சென்சார் ஈடாகாது. அணைக்குக் கீழே குடியிருப்பவர்கள், பொருத்திய கருவிகளின் எண்ணிக்கையோடு நிறைவடைந்துவிட வேண்டாம். இன்று இயங்குபவை எத்தனை, அடிப்பாறையில் எத்தனை, கடைசியாக அளவெடுத்தது எப்போது, அதைப் பரிசீலித்த பொறியாளர் யார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இப்போதே எழுதிக் கேளுங்கள்.