படிக்க வராத எழுத்து

பள்ளிக்கரணைச் சதுப்பில் கோரைக்கு நடுவே ஒரு நீலத்தாழைக்கோழி நிற்கிறது. பாதி உடம்பைக் கோரை மறைத்தாலும் நமக்குத் தெரிவது முழுப் பறவைதான். காரணம் விளிம்புகளில் இருக்கிறது. பறவையின் கோடு கோரைத் தண்டில் வந்து முட்டி நின்றுவிடுகிறது. தண்டின் கோடு தடையில்லாமல் ஓடுகிறது. ஆங்கில ‘டி’ போன்ற இந்தச் சந்திப்பைப் பார்த்ததும், முட்டி நிற்பது பின்னால், ஓடுவது முன்னால் என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. கிளை பிரியும் இடத்தில் ‘ஒய்’, தண்டுகள் குறுக்கிடும் இடத்தில் ‘எக்ஸ்’. காட்சி என்பதே இந்தச் சந்திப்புகளின் கணக்குதான்.

மார்க் சங்கிஸி என்ற ஆய்வாளரின் குழு, உலகின் ஏறக்குறைய நூறு எழுத்துமுறைகளை ஆராய்ந்து 2006-இல் ஒரு முடிவை வெளியிட்டது. இயற்கைக் காட்சிகளில் எந்தச் சந்திப்புகள் அதிகமோ, அவையே எழுத்துகளிலும் அதிகம். எழுத்து பிறந்து சுமார் 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. படிப்பதற்கென்று மூளையில் ஒரு பகுதி பரிணமிக்க அந்தக் காலம் போதாது. பொருள்களின் வடிவத்தை அறியும் பகுதியில் ஒரு துண்டைத்தான் பள்ளிக்கூடத்தில் நாம் எழுத்துக்கு ஒதுக்குகிறோம் என்கிறார் பிரெஞ்சு நரம்பியலாளர் ஸ்தனிஸ்லாஸ் தெஹான். மூளையின் இடப்பக்கம், பின்புறத்தில், அடிப்பகுதியில் அது இருக்கிறது. தமிழ் படித்தாலும் சீனம் படித்தாலும் ஏறக்குறைய அதே இடம்.

இந்த ஆய்வுகளுக்கெல்லாம் வெகு காலம் முன்பே, தோட்டத்திலிருந்து எழுத்துக்குப் போகும் இதே பாதையில் ஓர் ஓவியர் நடந்திருக்கிறார் என்பது எனக்குத் தீராத வியப்பு. அவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். கேரளத்துத் தென்னைகளையும் நீர்வழிகளையும் வரைந்து வளர்ந்த கை. பிறகு தோட்டக் காட்சிகளையே ஒரு வரிசையாக வரைந்தார். 1963-இல் ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கம் தற்செயலாகக் கண்ணில் பட்டது. எண்கள், எழுத்துகள், வடிவியல் கோடுகள். ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற புகழ்பெற்ற வரிசை அங்கிருந்து தொடங்கியது.

அந்த ஓவியங்களில் ஒன்றின் முன்னால் நின்று பாருங்கள். சாதகக் கட்டங்கள், ஏட்டுச்சுவடி போன்ற வரிகள், மலையாளச் சாயலில் நெருக்கி எழுதிய எழுத்துகள். கண் உடனே வரி பிடிக்கிறது. படிக்கத் தெரிந்த மூளையால் எழுத்தைப் பார்த்துவிட்டுப் படிக்காமல் இருக்க முடியாது. ஆனால் சொல் எதுவும் சேர்வதில்லை. நடுவே ஒரு மீனோ பறவையோ குறுக்கிட, கண் வரியை விட்டுவிட்டு அதற்குத் தாவுகிறது. மறுபடி வரிக்கு வருகிறது. பக்கத்தைப் படிக்கும் கண்ணுக்கும் காட்சியில் அலையும் கண்ணுக்கும் இடையில் இப்படி இழுபறி ஓயாமல் நடக்கிறது. பொருள் விளங்காததை இந்த ஓவியங்களின் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. விளங்கிவிட்டால் படித்து முடித்துவிட்டுப் போய்விடுவோம் என்பேன்.

பணிக்கருக்கு முன்பே ஐரோப்பாவில் குறியீட்டு ஓவியர் ஒதிலோன் ரெதோன் வேறொரு நரம்பைத் தொட்டார். அர்மான் க்ளவோ என்ற தாவரவியலாளரின் நட்பில் நுண்ணுயிர் உலகத்தை அறிந்துகொண்டவர், 1883-இல் ஒரு செடியின் மலரில் கண்ணை வரைந்தார். செடியில் கண் தெரிந்ததும் அதை நாம் முகமாகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். எழுத்துக்கு இடப்பக்கம் என்றால், முகங்களை அறிவதில் மூளையின் வலப்பக்கத்துக்குத்தான் பெரும்பங்கு. ரெதோனின் செல்வாக்கு வெகு தூரம் போனது. 1913-இல் நியூயார்க்கின் ஆர்மரி கண்காட்சியில் அவர் படைப்புகள் பெரும் எண்ணிக்கையில் இடம்பெற்றன; ஓவியர் மத்தீஸ் அவரை மதித்துப் போற்றினார்.

பணிக்கரின் செல்வாக்கைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். பள்ளிக்கரணையிலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போய் வடக்கே திரும்பினால் ஈஞ்சம்பாக்கம். 1966-இல் அவரும் மாணவர்களும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் விற்ற காசில் நிலம் வாங்கி எழுப்பிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் அங்கே இருக்கிறது. அங்கே வாழ்ந்த ஜே. சுல்தான் அலி, தன் விசித்திர விலங்குகளைச் சுற்றி எழுத்துகளை நிரப்பினார். கே.வி. ஹரிதாசன் தாந்திரீக வடிவங்களுக்குப் போனார். பணிக்கரின் மகன் நந்தகோபால் உலோகத்தில் சிற்பம் செய்தார். தந்தை கித்தானில் இழுத்த கோடு மகன் கையில் செம்பாகவும் பித்தளையாகவும் எழுந்து நின்றது.