கடலும் வெள்ளமும் தந்த அதிர்ச்சி: எந்தச் சிகிச்சை, யாருக்கு?

உயிர் போய்விடும் என்ற நிலைவரை சென்று திரும்பியவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் தாமாகவே தேறிவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் அந்த நிகழ்வு முடிவதே இல்லை. தூக்கத்தில் வருகிறது, சத்தம் கேட்டால் வருகிறது, மழை இருட்டினால் வருகிறது. இந்த நிலையை ‘பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல்’ என்ற தனி நோயாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல் வகைப்படுத்தியது. அதற்கான சிகிச்சைகள் பல உண்டு. அவற்றில் எதை, எப்போது, யாரிடம் பெறுவது என்பதுதான் பாதிக்கப்பட்டவர்களையும் குடும்பத்தாரையும் குழப்பும் கேள்வி.

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்கும் அதைச் சுற்றியுள்ள முத்துக்குளித்துறை ஊர்களுக்கும் இது தொலைதூரக் கேள்வி அல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட ‘கடல்கட்டி’ என்ற மந்திரவாதி மந்திரம் சொன்ன பிறகே குளியாளிகள் நீரில் இறங்கினார்கள். ஆங்கிலேய அரசே அவருக்குக் கூலி கொடுத்தது. பயத்துக்கும் மருந்து வேண்டும் என்பதை இந்தக் கரை அன்றே அறிந்திருந்தது.

அண்மைக்காலத்தில் இந்தக் கரையும் இதையொட்டிய கரைகளும் பட்டவை அதிகம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் அளவுக்குத் தூத்துக்குடி உயிரிழக்கவில்லை என்றாலும், கடலைப் பற்றிய நம்பிக்கை எல்லா ஊர்களிலும் ஆட்டம் கண்டது. 2017 நவம்பர் 30-இல் வந்த ஒக்கி புயல், கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலரை ஆழ்கடலிலேயே காணாமல் ஆக்கியது. 2018 மே 22, 23 தேதிகளில் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி வெள்ளத்தில் புன்னைக்காயல் தனித்தீவானது.

அதிர்ச்சி எப்போது நோயாகிறது?

அறிகுறிகள் நான்கு வகை. முதலாவது, நிகழ்வு மீண்டும் மீண்டும் கண்முன் வருவது. இரண்டாவது, அதை நினைவூட்டும் இடத்தையும் ஆளையும் பேச்சையும் தவிர்ப்பது. மூன்றாவது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, தன்மேலேயே பழி போட்டுக்கொள்வது. நான்காவது, உடல் எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்து விறைத்திருப்பது. கதவு படாரென்று சாத்தினால் துள்ளி எழுவது, தூக்கம் வராதது, எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுவது எல்லாம் இதில் சேரும். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, தொழிலையும் குடும்பத்தையும் குலைத்தால் அது நோய். வெள்ளம் வந்த மறுவாரம் பிள்ளை அலறி எழுந்தால் அது நோய் அல்ல. ஆறு மாதம் கழித்தும் மேகம் கறுத்தவுடன் பள்ளிக்குப் போக மறுத்தால் கவனிக்க வேண்டும்.

ஆகவே சிகிச்சைத் தேர்வில் முதல் அளவுகோல் காலம். நிகழ்ந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதைப் பொறுத்தே மற்றவை அமைகின்றன.

முதல் மாதம்: கிளறாதிருத்தல்

பேரிடர் நடந்த கையோடு எல்லோரையும் உட்காரவைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்லும் முறை ஒருகாலத்தில் உலகெங்கும் பரவியிருந்தது. ‘சொல்லி அழுதால் பாரம் குறையும்’ என்பதே அதன் அடிப்படை. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. பிரிட்டனில் சாலை விபத்தில் சிக்கியவர்களிடம் நடந்த ஆய்வொன்றில், தொடக்கத்தில் கடுமையான அறிகுறிகள் இருந்தவர்களுள் இத்தகைய ஒற்றை அமர்வுக்கு உட்பட்டவர்கள், உட்படாதவர்களைவிட மூன்று ஆண்டுகள் கழித்தும் மோசமாக இருந்தார்கள். தானாகச் சொல்ல வந்தவரைத் தடுக்கக் கூடாது. சொல்ல விரும்பாதவரைத் தோண்டவும் கூடாது.

இதற்கு மாற்றாக உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டி ‘உளவியல் முதலுதவி’யை முன்வைத்தது. பார், கேள், இணைத்து விடு என்பவை அதன் மூன்று படிகள். பாதுகாப்பான இடம், குடிநீர், உறவினரோடு தொடர்பு, நிவாரணம் பற்றிய சரியான தகவல் ஆகியவை இதில் அடங்கும். வெள்ளத்தில் ஆதார் அட்டையும் ரேஷன் கார்டும் இழந்தவருக்கு அவற்றைத் திரும்பப் பெற உதவுவதும் மன ஆறுதலில் ஒரு பகுதியே.

இந்த வேலைக்கு மருத்துவர்தான் வேண்டும் என்பதில்லை. சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் ஊர்மட்டப் பணியாளர்களுக்கு உளசமூகப் பராமரிப்புப் பயிற்சி அளித்தது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய ‘சிநேகா’ அமைப்பின் தன்னார்வலர்கள், சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களை வீடு தேடிச் சென்று துணையாக இருந்தார்கள். அவர்கள் சென்ற குடியிருப்பில் மனச்சோர்வும் உளைச்சலும் மற்றொரு குடியிருப்பைவிடக் குறைந்தன என்று 2008-இல் வெளியான மதிப்பீடு காட்டியது.

நினைவை எதிர்கொள்ளும் சிகிச்சைகள்

ஒரு மாதம் கடந்தும் தேறாதவர்களுக்கு, நடந்ததை நேரடியாகத் தொடும் உளவியல் சிகிச்சைகளே முதல் தேர்வு. உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. பொதுவாகப் பேசி ஆறுதல் தரும் கவுன்சலிங் இதமானது. ஆனால், நோயாகிவிட்ட அதிர்ச்சிக்கு அது மட்டும் போதுவதில்லை. முக்கியமான முறைகள் நான்கு.

ஒன்று, படிப்படியாக எதிர்கொள்ளும் சிகிச்சை. எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் உருவாக்கியது. வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள். பயந்ததைத் தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும், பாதுகாப்பாக எதிர்கொள்ள எதிர்கொள்ளத் தணியும் என்பது இதன் கொள்கை. நோயாளி நடந்ததைச் சிகிச்சையாளர் முன் திரும்பத் திரும்பச் சொல்கிறார். தவிர்த்துவந்த இடங்களுக்கும் படிப்படியாகச் செல்கிறார். படகு கவிழ்ந்து பிழைத்த மீனவர் முதலில் கரையில் நிற்கலாம். பிறகு கட்டிப்போட்ட வள்ளத்தில் உட்காரலாம். அடுத்துக் கழிமுகம்வரை போகலாம். கடைசியில் கடலுக்குப் போகலாம். வானிலை எச்சரிக்கை உள்ள நாளில் இதைச் செய்யக் கூடாது. மெய்யான ஆபத்தை எதிர்கொள்வது சிகிச்சை ஆகாது.

இரண்டு, எண்ணங்களைச் சோதிக்கும் சிகிச்சை. பட்ரிசியா ரெசிக் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக முதலில் வகுத்தது. ஏறத்தாழ 12 அமர்வுகள். ‘நான் கூப்பிட்டதால்தான் தம்பி அன்று கடலுக்கு வந்தான்’, ‘பிள்ளையின் கையை விட்டது நான்தான்’ என்று குற்ற உணர்வில் உழல்பவர்களுக்கு இது பொருந்தும். அந்த நொடியில் தெரிந்தது என்ன, தெரிய வழியே இல்லாதது என்ன என்று பிரித்துப் பார்க்க இது பழக்குகிறது. எழுத்துப் படிப்பு கட்டாயமில்லை. காங்கோ ஜனநாயகக் குடியரசில் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பலர் இடம்பெற்ற குழுக்களிலேயே இது நல்ல பலன் தந்ததை 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது.

மூன்று, கண்ணசைவுச் சிகிச்சையான இ.எம்.டி.ஆர். பிரான்சின் ஷாப்பிரோ 1989-இல் வெளியிட்டது. நோயாளி அந்த நினைவை மனத்தில் நிறுத்தியபடி சிகிச்சையாளரின் விரல் அசைவைக் கண்ணால் பின்தொடர்கிறார். இது எப்படி வேலை செய்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் ஓயவில்லை. பலன் தருகிறது என்பதற்குச் சான்று உண்டு. நடந்ததை விவரமாக வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுப்பாடமும் கிடையாது. சொல்லக் கூசும் நிகழ்வுகளை அனுபவித்தவர்களுக்கு இது வசதி.

நான்கு, வாழ்க்கைக் கதை சொல்லும் சிகிச்சை. ஒரே ஒரு விபத்து என்றில்லாமல், போர், இடப்பெயர்வு, வன்முறை என்று அடுக்கடுக்காகப் பட்டவர்களுக்காக ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் வகுத்தது. பிறந்தது முதல் இன்றுவரையிலான வாழ்க்கைக்கு அடையாளமாக ஒரு கயிறு தரையில் விரிக்கப்படுகிறது. நல்ல நிகழ்வுக்கு ஒரு பூ, கெட்ட நிகழ்வுக்கு ஒரு கல் வைக்கப்படுகிறது. பிறகு ஒவ்வொரு கல்லையும் அதற்குரிய காலத்திலும் இடத்திலும் வைத்துப் பேசுகிறார்கள்.

இலங்கையின் வடகிழக்கில் ஓர் ஒப்பீடு

இவற்றில் எது சிறந்தது என்ற கேள்விக்குத் தமிழர்களுக்கு மிக அருகில் நடந்த ஆய்வு ஒன்று உண்டு. போரையும் சுனாமியையும் அடுத்தடுத்துக் கண்ட இலங்கையின் வடகிழக்கில், சுனாமி அகதி முகாம் ஒன்றில் 8 முதல் 14 வயதுவரையான 31 பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வாழ்க்கைக் கதை சிகிச்சையும் மறுபகுதியினருக்குத் தியானமும் உடல் தளர்வுப் பயிற்சியும் தரப்பட்டன. இரண்டும் ஆறு அமர்வுகள். பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே நடத்தினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் பிரிவில் 81 விழுக்காட்டினரும், இரண்டாம் பிரிவில் 71 விழுக்காட்டினரும் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். 2009-இல் இந்த முடிவு வெளியானது.

ஆய்வு சிறியது. சிகிச்சையே பெறாத பிள்ளைகளோடு ஒப்பிடாததால், தானாகத் தேறியவர்களும் இந்த எண்ணிக்கையில் இருந்திருக்கலாம். இருந்தாலும் ஒன்று தெரிகிறது. ஒழுங்காகப் பயிற்சி பெற்றவர் முறையாக நடத்தினால், ஊருக்குப் பழக்கமான மூச்சுப் பயிற்சிக்கும் தியானத்துக்கும் சிகிச்சையில் இடம் உண்டு. வளர்ந்தவர்களிடம் நடந்த பல ஒப்பீடுகளிலும், நிரூபிக்கப்பட்ட முறைகளுக்கு இடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை.

உடல் கிடைக்காத சாவு

கடற்கரை ஊர்களுக்கே உரிய ஒரு துயரம் தனியாகக் கவனிக்கத்தக்கது. கடலில் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை என்றால் அடக்கம் இல்லை, கல்லறை இல்லை, முடிவும் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் இதைத் ‘தெளிவற்ற இழப்பு’ என்று விளக்கினார். ஒக்கிக்குப் பிறகு பல குடும்பங்கள் இந்த நிலையில்தான் இருந்தன. மேலே சொன்ன நான்கு சிகிச்சைகளும் பயத்தையும் குற்ற உணர்வையும் குறைக்க உதவுபவை. இந்தத் துயரத்துக்கு அவை முழுமையாகப் பொருந்தா. ‘ஏற்றுக்கொள், மறந்துவிடு’ என்று நெருக்காமல், நம்பிக்கையும் துயரமும் ஒருசேர இருக்கலாம் என்று ஒப்புக்கொள்வது, அதே இழப்பைப் பட்ட குடும்பங்களை ஒன்றுசேர்ப்பது, நினைவுத் திருப்பலி போன்ற சடங்குகளுக்கு இடம் தருவது ஆகியவையே இங்கு வழி.

மாத்திரையும் மதுவும்

செர்ட்ரலின், பராக்செடின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் அதிர்ச்சி நோய்க்கும் ஓரளவு உதவுகின்றன. உளவியல் சிகிச்சை கிடைக்காத இடத்திலும், மனச்சோர்வு கடுமையாகச் சேர்ந்திருக்கும்போதும் மருத்துவர் இவற்றைத் தரலாம். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் டயசபாம், அல்பிரசோலம் வகை மாத்திரைகளின் நிலை வேறு. நிகழ்வுக்குப் பிந்தைய முதல் மாதத்தில் அதிர்ச்சி அறிகுறிகளுக்காக அவற்றைத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. அவை பழக்கமாகிவிடக்கூடியவை. நினைவை மரத்துப்போகச் செய்யக் குடிப்பதும் அப்படியே. குடிப்பழக்கம் சேர்ந்திருந்தால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை தேவை.

ஜெபமும் மந்திரிப்பும்

பயந்து அலறும் பிள்ளைக்கு மந்திரித்துக் கயிறு கட்டுவதும், உவரி அந்தோனியார் கோவிலில் தங்கி ஜெபிப்பதும் இந்தக் கரையின் வழக்கம். நம்பிக்கையும் ஊர்த்துணையும் தேறுவதற்கு உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால், கட்டிவைப்பதும், அடிப்பதும், மருந்தை நிறுத்தச் சொல்வதும் ஆபத்து. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் நடந்த தீவிபத்தில் 28 மனநோயாளிகள் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் தப்பி ஓட முடியவில்லை. வழிபாடும் சிகிச்சையும் சேர்ந்து நடக்கலாம். ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டியதில்லை.

தேர்ந்தெடுக்கும் வழி

முதலில் பாதுகாப்பு. அடிக்கும் கணவனோடு அதே வீட்டில் வாழும் பெண்ணுக்கு, பழைய அதிர்ச்சியைக் கிளறும் சிகிச்சைக்கு முன் அடி நிற்க வேண்டும். தற்கொலை எண்ணம் இருந்தால் அதற்கே முதல் கவனம்.

அடுத்தது அறிகுறி. பயமும் தவிர்ப்பும் மேலோங்கினால் எதிர்கொள்ளும் சிகிச்சை. குற்ற உணர்வு மேலோங்கினால் எண்ணங்களைச் சோதிக்கும் முறை. வாய்விட்டுச் சொல்ல முடியாவிட்டால் கண்ணசைவு முறை. பல துயரங்கள் அடுக்கி வந்தால் வாழ்க்கைக் கதை முறை. இது தொடக்கத்துக்கான திசைகாட்டல் மட்டுமே. இறுதி முடிவு நோயாளியும் சிகிச்சையாளரும் பேசி எடுக்க வேண்டியது.

மூன்றாவது, சிகிச்சையாளரின் தகுதி. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்கலாம். எந்த முறையில் பயிற்சி பெற்றார், எத்தனை அமர்வு ஆகும், முன்னேற்றத்தை எப்படி அளப்பார் என்றும் கேட்கலாம். நோயாளியின் பேச்சுத் தமிழிலேயே சிகிச்சை நடப்பது அவசியம். முதல் சில அமர்வுகளில் நினைவு கிளறப்பட்டு உளைச்சல் சற்றுக் கூடுவது உண்டு. அப்போது பாதியில் விடாமல் சிகிச்சையாளரிடம் சொல்ல வேண்டும். குறித்த அமர்வுகள் முடிந்தும் மாற்றமில்லை என்றால் வேறு முறைக்கு மாறலாம்.

கடைசியாக, கைக்கு எட்டுவது எது என்பது. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. மத்திய அரசு 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் அழைக்கலாம். பெயர்பெற்ற முறையைத் தேடி மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட, நிரூபிக்கப்பட்ட முறைகளில் அருகில் கிடைப்பதைத் தொடங்கி முழுமையாக முடிப்பதே நல்ல தேர்வு. நிகழ்வு நடந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தாலும் இந்தச் சிகிச்சைகள் பலன் தருகின்றன.