குருதியிழப்பு அதிர்ச்சியும் விலங்கு மாதிரிகளும்

மருத்துவப் பொருளைத் தமிழில் எழுதுவோர் 'அதிர்ச்சி' என்னும் சொல்லை இருபொருள்பட ஆள்கின்றனர். துயரச் செய்தியால் உள்ளம் நடுங்குவது ஒன்று. காயத்தாலோ மகப்பேற்றின்போதோ குருதி மிகுதியாக வெளியேறித் திசுக்களுக்கு உயிர்வளி கிட்டாதுபோவது மற்றொன்று. பின்னதற்குக் 'குருதியோட்டத் தளர்ச்சி' என்பதே பொருந்தும் என்பது எம் கருத்து. எனினும் வழக்கு வென்றுவிட்டமையின் 'அதிர்ச்சி' என்றே ஆள்வாம்.

வளர்ந்த மனிதனின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி உண்டு. அதில் 100க்கு 40 பங்கிற்கு மேல் இழந்தவர் உடனடி மருத்துவம் பெறாவிடின் பிழைத்தல் அரிது. இந்நிலையை மனிதரிடத்து வேண்டுமென்றே உண்டாக்குதல் தகாதாகலின், அறிவியலார் விலங்குகளை நாடினர். அவ்விலங்குகளே மாதிரிகள் எனப்படுவன. மாதிரி என்பது ஒப்புமையே, ஒருமையன்று. உவமையிலக்கணம் பயின்றார்க்கு இது புதிதன்று. முகத்தைத் திங்கள் என்புழி ஒளியைக் கொள்கின்றோம், களங்கத்தைக் கொள்வதில்லை. விலங்கு மாதிரியிலும் பொதுத்தன்மை யாதெனத் தெளிதல் இன்றியமையாதது.

குறித்த அளவு குருதியை வடித்தல் ஒருமுறை. குறித்த அழுத்தம் வரும்வரை வடித்து, அதனை அங்கேயே நிறுத்திவைத்தல் மற்றொன்று. 1940-களில் அமெரிக்க உடலியலறிஞர் கார்ல் விக்கர்ஸ் இவ்விரண்டாம் முறையை நாய்களிடத்துக் கையாண்டார். வடித்த குருதியைக் கலத்தில் சேமித்து, குறித்த நேரம் கழிந்தபின் திரும்பச் செலுத்தினார். இழந்தது மீண்டு வந்தும் நாய்கள் பல இறந்தன. 'மீளா அதிர்ச்சி' என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. ஆயினும், கலத்திலுள்ள குருதி உறையாதிருக்க ஹெப்பாரின் என்னும் மருந்து சேர்க்கப்பட்டது. விபத்தில் அடிபட்டவன் உடலில் அம்மருந்து இல்லை. மேலும், நாயின் மண்ணீரல் சுருங்கிச் செவ்வணுக்களைக் குருதியில் சேர்க்கும். மனிதனிடத்து அவ்வாற்றல் சிறிதே. பன்றியின் இதயம் மனித இதயத்தை ஒத்ததேனும், அதன் மண்ணீரலும் அவ்வாறே சுருங்குதலின், சிலர் அதனை முன்னரே அகற்றிவிடுவர். எலி எளிதிற் கிடைப்பது. ஆனால் 250 கிராம் எலியிடத்துள்ள குருதி ஏறத்தாழ 16 மில்லிலிட்டரே.

இவ்விரு முறைகளிலும் குருதிப்போக்கை நிறுத்துவது ஆய்வாளன் கை. சாலையில் வீழ்ந்தவனுக்கு அக்கை ஏது? ஆதலின், குழாயைக் காயப்படுத்தித் தடையின்றி ஒழுகவிடும் மூன்றாம் முறை தோன்றிற்று. பெருந்தமனியில் காயமுற்ற பன்றிகளுக்கு உப்புநீரை விரைந்து செலுத்தியபோது, அழுத்தம் உயர்ந்து குருதிப்போக்கு மிகுந்தது, இறப்பும் மிகுந்தது. முன்னைய மாதிரிகள் இதனைக் காட்டியிருக்க இயலாது. 1994-இல் ஹூஸ்டன் நகரில், உடற்பகுதியில் குத்துக்காயமோ குண்டுக்காயமோ பட்டோரிடத்து நிகழ்ந்த ஆய்வில், உடனே நீர்மம் பெற்றோருள் 100க்கு 62 பேரும், அறுவைவரை பெறாதோருள் 70 பேரும் பிழைத்தனர்.

நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் குருதியழுத்தத்தைத் தணிக்கவென உருவான சென்தாகுவின், குருதியிழந்த எலிகளிடத்து எதிர்பாராத பயனைத் தந்தது. சிரைகளைச் சுருக்கி இதயத்திற்குக் குருதியை மீளச்செய்வது அதன் செயல். பின்னர் மனிதரிடத்தும் சோதிக்கப்பட்டு, 2020-இல் இந்தியாவில் ஒப்புதல் பெற்றது.

இத்தகைய ஆய்வுகட்கு வரம்பு வகுத்தது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம்; அதற்கு வழிகோலிய மசோதாவை மாநிலங்களவையிற் கொணர்ந்தவர் ருக்மிணிதேவி அருண்டேல். சோதனை போதிய மயக்கமருந்தின்கீழ் நிகழ்தல் வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. மயக்கமருந்தோ இதயத்தையும் குருதிக்குழாய்களையும் தளர்த்துவது. விபத்துற்ற மனிதனோ விழித்திருக்கும்போதே குருதி இழக்கின்றான்.