முனையத்தில் ஓர் உதவியாளர்

சிரம்பானுக்கு அருகிலுள்ள செனாவாங் ஒரு காலத்தில் இரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த வட்டாரம். இன்று அங்கே மின்னணுத் தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் உள்ளன. பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் இப்பொழுது கணினி அறிவியல் பயில்கின்றனர். நிரல் எழுதும் அவர்களுக்குத் துணையாகக் கட்டளைவரி உதவியாளர் என்னும் புதிய கருவி வந்துள்ளது.

இது அரட்டைச் செயலியைப் போன்றதன்று. அரட்டைச் செயலி விடை கூறும். அதைப் படியெடுத்து ஒட்டுவது மாணவரின் வேலை. கட்டளைவரி உதவியாளரோ முனையத்திற்குள் இயங்குகிறது. முனையம் என்பது படக்குறிகளும் சுட்டியும் இன்றி, எழுத்துகளால் கணினிக்குக் கட்டளையிடும் சாளரம். 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் இயங்குதளம் தொடங்கிய காலத்திற்கு முன்பிருந்தே இம்முறை உண்டு. முனையத்தில் இயங்கும் உதவியாளரால் கோப்புகளைத் திறக்கவும் திருத்தவும் அழிக்கவும் முடியும். 2025இல் வெளிவந்த கிளாட் கோட், ஜெமினி சிஎல்ஐ, கோடெக்ஸ் சிஎல்ஐ ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

நிறுவும் வேலை சில நிமிடங்களில் முடியும். சான்றாக, ஜெமினி சிஎல்ஐ இயங்க நோட் ஜேஎஸ் என்ற மென்பொருள் முதலில் வேண்டும். அதன் பதிப்பு 20 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பின்னர், அதிகாரப்பூர்வப் பக்கத்தில் உள்ள நிறுவல் கட்டளையை ஓர் இடைவெளிகூட மாறாமல் முனையத்தில் இட வேண்டும். முன்பின் தெரியாத பக்கத்திலிருந்து கட்டளையைப் படியெடுப்பது, அறியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். வயது வரம்பையும் பார்க்க வேண்டும். கிளாட் கோட் பயன்படுத்த 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆகவே, படிவம் 4 மாணவர் அதில் கணக்குத் திறக்க இயலாது. ஆசிரியர் இயக்கிக் காட்டும்போது பார்த்துக் கற்கலாம்.

கணக்கில் நுழைவதற்குப் பதிலாகத் திறவுகோல் எனப்படும் நீண்ட எழுத்துத் தொடரைப் பயன்படுத்துவோரும் உண்டு. அது கடவுச்சொல்லைப் போன்றது. அதை நிரலுக்குள் எழுதி இணையத்தில் ஏற்றிவிட்டால், யாரோ பயன்படுத்தியதற்கு உரியவர் பணம் கட்ட நேரிடும்.

உண்மையான அமைப்பு வேலை இதன் பிறகுதான் தொடங்குகிறது. பயிற்சிக்கெனத் தனிக் கோப்புறை ஒன்றை உருவாக்கி, அதற்குள் சென்று உதவியாளரை இயக்க வேண்டும். அமைப்பைப் பொறுத்து, ஒரு கோப்பை மாற்றுவதற்கு முன் அது இசைவு கேட்கும். ‘ஒருமுறை மட்டும்’, ‘எப்பொழுதும்’, ‘வேண்டாம்’ என்பன போன்ற தெரிவுகள் திரையில் தோன்றும். அவசரக்காரர் ‘எப்பொழுதும்’ என்பதைத் தேர்ந்துவிடுவார். தோட்டத்தில் புதிதாகக் கத்தி பிடித்தவரின் வெட்டை அனுபவமுள்ளவர் அருகில் நின்று பார்ப்பார். வெட்டு ஆழமானால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். உதவியாளரின் கையிலும் அத்தகைய கத்தி இருக்கிறது.

2025 ஜூலையில், ரெப்லிட் என்னும் இணையத் தளத்தின் செயற்கை நுண்ணறிவு உதவியாளர், மாற்றம் எதுவும் செய்யக்கூடாது என்று பயனர் கூறியிருந்தும் அவருடைய தரவுத்தளத்தை அழித்தது. நிறுவனத் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். இத்தகைய இழப்பிலிருந்து நிரலைக் காக்க உதவுவது, 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்னும் மென்பொருள். உதவியாளரை இயக்கும் முன் நிரலின் நிலையை அதில் பதிந்து வைத்தால், கெட்டுப்போன கோப்பை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

உதவியாளரிடம் தமிழிலும் கேட்கலாம். ஆனால், முனையம் ஒவ்வோர் எழுத்தையும் சம அளவுக் கட்டத்தில் அடைப்பதால், ‘கொ’, ‘கோ’ போன்றவற்றில் கொம்பும் காலும் சில கணினிகளில் பிரிந்து தோன்றும். விடையை ஒரு கோப்பில் எழுதச் சொல்லி, அதை வழக்கமான எழுத்துச் செயலியில் திறந்தால் தமிழ் ஒழுங்காகத் தெரியும்.